குடிக்காமல் ஊதிய கலியாணம்

கோயிலின் பெரிய கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே பூசை முடிந்து, என் மகள் ஜெனிற்றாவும் மாப்பிள்ளை நிக்சனும் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தாய் அந்த நேரம் உள்ளேதான் நிற்கவேண்டும். நான் பக்கக் கதவால் நழுவி முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

வெளியே நல்ல வெயில். குருநகர்க் கடற்காற்று மல்லிகைப் பூவின் வாசத்தையும் வலை காய்கிற வாசத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டியது. படிக்கட்டின் கீழே பாண்ட்காரர் வரிசையாக நின்றார்கள். முன்னால் என் அண்ணை அன்ரன். வெள்ளைச் சேர்ட், கறுத்தக் காற்சட்டை, கையில் ட்ரம்பெட். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால், மாப்பிள்ளையின் தாயும் நழுவி வந்து நிற்கிறார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சம்பந்திமாராகி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு பேருக்கும் ஒரே பயம்.

கதவு திறந்து பிள்ளைகள் வெளியே வரும்போது அண்ணை என்ன பாட்டு ஊதப்போகிறார்?

கலியாணத்தில் பாண்ட்காரர் கலியாணப் பாட்டுத்தானே ஊதுவார், அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முதலில் அண்ணையின் கதை தெரியவேண்டும். இதை எழுதட்டோ என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுது. என்ரை பல்லு விழுந்ததையும் எழுது. ஒண்டையும் விடாதை," என்றார்.

மூச்சும் போத்தலும்

அண்ணை கட்டையான ஆள், பீப்பாய் போல நெஞ்சு. ட்ரம்பெட்டை வாயில் வைத்தால் கன்னம் இரண்டும் பேத்தை மீன் மாதிரி ஊதிப் பருத்துவிடும். சின்னப் பிள்ளைகள் பாட்டைக் கேட்க வருவதில்லை, அந்தக் கன்னத்தைப் பார்க்கத்தான் வருவார்கள்.

கடலுக்குப் போகாத நாட்களில் பாண்ட் வாசிப்பதுதான் அவருக்கு வேலை. கலியாணம், திருநாள், செத்தவீடு என்று எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் பாண்ட் வேண்டும். பாண்ட் வந்தால் போத்தலும் வேண்டும். வீட்டுக்காரர் பின்வளவில் படங்கு கட்டி, நாலு கதிரை போட்டு, சாராயப் போத்தலும் பொரித்த மீனும் வைத்துவிடுவார்கள். அதை வைக்காத வீட்டுக்காரரைக் கஞ்சன் என்று ஊர் சொல்லும்.

"சாராயம் உள்ளை போனாத்தான் மூச்சு வெளியிலை வரும்" என்பது பாண்ட்காரரின் வேதவாக்கு. அண்ணைக்கு மீசை அரும்பிய வயதில் யாரோ ஒருவர் அதைச் சொல்லித்தான் முதல் கிளாசை நீட்டினார். அவரைக் கெடுக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அன்பாகத்தான் ஊற்றினார்கள். அதுதான் இதில் உள்ள பொல்லாப்பு.

முதலில் ஊதுவதற்கு முன்னம் குடித்தார். பிறகு ஊதி முடிந்த பிறகும் குடித்தார். பிறகு ஊதாத நாட்களிலும். கடைசியில், விடிந்ததும் கை நடுங்காமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பதற்காகவே குடிக்கவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டார்.

அவர் சண்டைக்காரக் குடிகாரர் இல்லை. சிரிப்பார், பாடுவார், கண்ட இடத்தில் படுத்து நித்திரையாகிவிடுவார். ஒருநாள் கரையில் நின்ற யாருடையதோ ஒரு படகில் படங்கை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். அவர் உள்ளே கிடப்பது தெரியாமல் படகுக்காரர் தொழிலுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அண்ணை கண் விழித்துப் பார்த்தால் சுற்றிவரக் கடல். "என்னடாப்பா, குருநகரைக் காணேல்லை?" என்று கேட்டாராம்.

நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அண்ணையின் மனைவி றீற்றா மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. "எழும்பிற நேரம் தடக்கிக் கடலுக்கை விழுந்திருந்தா?" என்று ஒருமுறை கேட்டார். ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

கலியாணத்தில் செத்தவீட்டுப் பாட்டு

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் கோயில் பங்கில் ஒரு பெரிய கலியாணம். முதல்நாள் பின்னேரம் அண்ணை ஒரு செத்தவீட்டில் ஊதியிருந்தார். அங்கே குடித்த வெறி முறிய முன்னமே, அடுத்த நாள் காலை கலியாண வீட்டுப் பின்வளவில் மறுபடி குந்திவிட்டார்.

கோயில் கதவு திறந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். பூ எறிந்தார்கள். அண்ணை கன்னத்தை ஊதி, கண்ணை மூடி, உருகி உருகி ஊதினார். சேமக்காலைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசிக்கிற பாட்டை.

அவருடைய கூட்டாளி சூசை பெரிய மேளம் அடிப்பவர். அவரும் நல்ல வெறி. பாட்டைக் கேட்டதும் கை பழக்கத்தில் டொம்... டொம்... என்று மெல்லமாக இழவு அடி அடிக்கத் தொடங்கிவிட்டது. கூட்டத்தில் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டார். இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அன்று அங்கே நின்றிருந்தால் வந்திராது. பெண்ணின் தாய் படியிலே இருந்து தலையில் அடித்து அழுதார். நல்ல நாளில் இப்படிக் கேட்டுவிட்டதே என்று அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று.

யாரோ ஓடிவந்து ட்ரம்பெட்டைப் பறிக்க இழுத்தார்கள். அண்ணை இழுபட்டு, தடக்கி, படியில் முகங்குப்புற விழுந்தார். ட்ரம்பெட்டின் வாய் அவருடைய வாயை இடித்தது. முன்பல் இரண்டும் போய்விட்டன. வெள்ளைச் சேர்ட் முழுக்க இரத்தம்.

மறுநாள் காலை நான் போனபோது உதடு வீங்கிக் கட்டிலில் இருந்தார்.

"நேத்துக் கலியாணத்திலை நான் நல்லா ஊதினனானோ, புஷ்பம்?" என்று கேட்டார்.

அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கதவு திறந்தது, பெண் வந்தது, ஊதியது, விழுந்தது, ஒன்றுமே இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். "சும்மா பம்பல் விடாதை," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மச்சாளைப் பார்த்தார். மச்சாள் குசினி வாசலில் இரத்தச் சேர்ட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

அண்ணையின் சிரிப்பு அப்படியே நின்றது. விரலால் பல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"நானோ?" என்றார். "அந்தப் பிள்ளையின்ரை கலியாணத்திலையோ?"

சுவரில் ஏறிய நண்டுகள்

அன்றைக்கே சத்தியம் பண்ணினார், இனித் தொடமாட்டேன் என்று. வீட்டிலிருந்த போத்தலைக் கவிழ்த்து ஊற்றினார். நாங்கள் மாதாவுக்கு நன்றி சொல்லி, ஒடியல் கூழ் காய்ச்சிக் கொண்டாடினோம்.

எங்கள் கொண்டாட்டம் கூழ் ஆறுமட்டும்தான் நின்றது. அடுத்தடுத்த நாட்களில் அண்ணைக்கு உடம்பு முழுக்க நடுக்கம். வேர்த்துக் கொட்டியது. கண் மூடவில்லை. ஒரு மத்தியானம் நான் சோறு கொண்டுபோனபோது சுவரைக் காட்டிக் கத்தினார்.

"புஷ்பம், கெதியாக் கதவைச் சாத்து! நண்டெல்லாம் வெளியிலை போகுது!"

சுவரில் ஒரு பல்லிகூட இல்லை. மச்சாள்தான் ஓடிப்போய் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் கட்டிலில் ஏற்றும்போதே அண்ணைக்கு வலிப்பு வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

அவர் கொஞ்சம் தெளிந்த பிறகு, ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தது.

"ஏனம்மா முதலே கொண்டுவரேல்லை?"

"குடியை விட்டிட்டார், நல்ல விசயமெண்டுதான் பிள்ளை நினைச்சம்," என்றார் மச்சாள்.

"விடுறது நல்லதுதான். ஆனா கனகாலமாக் குடிச்ச ஆள் திடீரெண்டு வீட்டிலை வைச்சு நிப்பாட்டினா உயிருக்கே மோசம் வரும். மருந்து குடுத்து, பக்கத்திலை ஆக்கள் நிண்டு பாத்துத்தான் நிப்பாட்டவேணும். நல்ல நேரம் கொண்டு வந்திட்டியள்."

குடித்தால் சாவு வரும் என்று எங்களுக்குத் தெரியும். விடுகிற விதத்திலும் சாவு இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். இதை வாசிக்கிற எந்த வீட்டிலாவது இப்படி ஒருவர் சத்தியம் பண்ணினால், கூழ் காய்ச்ச முன்னம் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிறகு மருந்து, கிளினிக், கிழமைக்கு ஒருநாள் ஒரு மண்டபத்தில் கூட்டம். குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் வட்டமாக இருந்து கதைப்பார்கள். இடையில் ஒருமுறை அண்ணை சறுக்கி, மறுபடி குடித்துவிட்டார். அன்று தானாகவே வந்து மச்சாளுக்குச் சொன்னார். மச்சாள் ஏசவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்கோ, கூட்டத்துக்குப் போவம்," என்றார்.

அந்தக் கூட்டத்துக்கு இளம் பெடியளும் வருகிறார்கள் என்று அண்ணை வந்து சொல்வார். சாராயம் இல்லை, போதைத் தூளும் ஐஸும் குளிசையும். "எனக்கு முதல் கிளாசைத் தந்தது என்ரை ஆக்கள்தான். உவங்களுக்கும் அப்பிடித்தானாம். பகையாளி ஆரும் குடுக்கேல்லை, சினேகிதன்தான் குடுத்திருக்கிறான்," என்று ஒருநாள் சொன்னார்.

தன்னைப் பற்றி என்றால் அவருக்குப் பகிடி வந்துவிடும். "அண்டைக்குச் சுவரிலை ஏறின நண்டெல்லாத்தையும் பிடிச்சிருந்தா ஒரு மாதம் கடலுக்குப் போயிருக்கத் தேவையில்லை," என்பார்.

பல்லும் பாட்டும்

கட்டுப்பல் வைத்தார். கடலுக்குப் போனார். உடம்பு தேறியது. ட்ரம்பெட்டை மட்டும் தொடவில்லை. அது அலுமாரிக்கு மேலே சீலைத்துண்டு சுற்றிக் கிடந்தது.

ஜெனிற்றாவுக்குக் கலியாணம் பொருந்தியதும் அவள் நேரே மாமனிடம்தான் போனாள்.

"மாமா, என்ரை கலியாணத்துக்கு நீங்கள்தான் ஊதவேணும்."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். "பிள்ளை, குடிக்காமல் நான் ஒருநாளும் ஊதினதில்லையடி. எனக்கு அது தெரியாது."

"அப்ப பழகுங்கோ. இன்னும் நாள் கிடக்குத்தானே."

அன்று பின்னேரமே ட்ரம்பெட் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு எங்கள் தெரு பட்ட பாடு! புதுப் பல்லுக்கும் ட்ரம்பெட்டுக்கும் ஒத்துவரவில்லை. தொண்டையில் முள் சிக்கிய ஆடு மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அன்ரன் அண்ணை, என்ரை கோழியள் முட்டை இடுறதை விட்டிட்டுதுகள்," என்று முறைப்பாடு சொன்னாள்.

ஒருநாள் தம் பிடித்து உச்சத்துக்கு ஊதினார். சத்தம் வரவில்லை, கட்டுப்பல் வந்தது. பறந்துபோய்க் காயப்போட்டிருந்த வலைக்குள் விழுந்துவிட்டது. நானும் ஜெனிற்றாவும் மச்சாளும் முழங்காலில் நின்று வலையை உதறி உதறித் தேடினோம். அண்ணை பொக்கை வாயோடு, "பாத்து, பாத்து, கடிச்சுப்போடும்!" என்றார். மச்சாளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்து, கண்ணீர் வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருடம். அண்ணை ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பல் டொக்டர் பல்லைத் திருத்திக் கொடுத்தார். ஆட்டுச் சத்தம் மெல்ல மெல்லப் பாட்டாகியது. கோழிகளும் வழிக்கு வந்தன.

ஆனால் மாப்பிள்ளையின் தாய் வழிக்கு வரவில்லை. ஒருநாள் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்து, நாலு கதை கதைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கோவிக்காதேங்கோ புஷ்பம் அக்கா. அண்டைக்கு அந்தக் கலியாணத்திலை நானும் நிண்டனான். அந்தப் பெண்ணின்ரை தாய் அழுதது இன்னும் என்ரை கண்ணுக்கை நிக்குது. எனக்கிருக்கிறது ஒரே ஒரு பெடியன்."

அவர் சொன்னது நியாயம். தேத்தண்ணி கொண்டுவந்த ஜெனிற்றாதான் பதில் சொன்னாள்.

"மாமி, மாமா ஊதாட்டி நான் கோயிலுக்குள்ளையே நிக்கிறன். நீங்கள் நிக்சனை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கோ."

மாமி திகைத்தார். பிறகு கொடுப்புக்குள் சிரித்தார். "வாய்க்காரிதான். சரி, ஊதட்டும். ஆனா கதவு திறக்கேக்கை நான் அவருக்குப் பக்கத்திலைதான் நிப்பன்."

கதவு திறந்தது

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த முற்றத்தில் நின்றோம்.

அப்போது சூசை மேளத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணையிடம் போனார். கையில் ஒரு சோடாப் போத்தல். அண்ணையின் நடுக்கத்தை அவரும் பார்த்துவிட்டார்.

"மச்சான், இந்தா. சோடாவுக்குள்ளை கொஞ்சமாக் கலந்திருக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு முறடு குடி, கை நிண்டிடும்."

அவருடைய முகத்தில் கள்ளம் இல்லை. கூட்டாளி படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நீட்டினார். மாமியின் விரல்கள் என் கையைப் பிடித்து நெரித்தன. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். இந்தப் போத்தலை நான் பறித்தாலும் அடுத்ததை யார் பறிப்பது?

அண்ணை போத்தலை வாங்கவில்லை. நடுங்குகிற கையை விரித்துக் காட்டினார்.

"பயமாத்தான் கிடக்கு, சூசை. பறவாயில்லை. பயத்தோடை ஊதுறன். நீ மேளத்தை எடு."

சூசை முகம் சுருங்கிப் போனார். போத்தலைத் தானே குடித்துவிட்டுப் போய் மேளத்தைத் தூக்கினார்.

கதவு கிரீச்சென்றது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

முதல் சுரம் உடைந்தது. கரகரத்து, பிசிறி, நின்றே போயிற்று. எங்கும் சத்தமில்லை. பிறகு அண்ணை மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

பிறகு பாட்டு. நல்ல, உரத்த, துள்ளுகிற கலியாணப் பாட்டு! தொடக்கத்தில் மெல்லமாக வந்து, இரண்டாவது அடியில் ஏறிப் பிடித்துக்கொண்டு முற்றம் முழுக்கப் பரவியது. "மாதாவே!" என்றார் மாமி. நான் கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் பூமழைக்குள் முதல் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையின் கன்னம் பேத்தை மீன் மாதிரிப் பருத்திருந்தது.

கோயிலில் இருந்து மண்டபம் வரைக்கும் பாண்ட் முன்னால் போனது. பாதித் தூரத்தில் அண்ணை பைலா ஆட்டப் பாட்டுக்கு மாறினார். மாமி கைப்பையை என் தோளில் மாட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுத்தெருவில் அண்ணைக்கு முன்னால் ஆடத் தொடங்கினார். "ஊதுங்கோ அண்ணை, நிப்பாட்டாதேங்கோ!" ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்துத் தாளம் போட்டார்கள்.

மண்டபத்தில் வாழ்த்துச் சொல்லக் கிளாஸ் உயர்த்தியபோது அண்ணை நெல்லி கிரஷ் கிளாசை உயர்த்தினார். சாப்பாட்டுக்கு இருந்து புரியாணியும் கணவாய்க் கறியும் வாங்கி, மறுபடி வாங்கி, வெட்கமில்லாமல் மறுபடியும் வாங்கினார். "இவ்வளவு கலியாணத்துக்குப் போயிருக்கிறன். சாப்பாடு இப்பிடி ருசியெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!" சூசை மூலையில் இரண்டு கதிரையைச் சேர்த்துப் போட்டு வாய் திறந்து நித்திரை. அண்ணை எழும்பிப் போய் ஒரு பார்சல் கட்டி அவருடைய தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை

அடுத்த நாள் காலை, பிள்ளை இல்லாத வீட்டில் நான் ஒரு வேலையும் ஓடாமல் இருந்தேன். அண்ணையும் மச்சாளும் பாணும் சம்பலும் கொண்டு வந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அண்ணை கலியாணக் கதை தொடங்கினார். ஆர் என்ன நிறச் சேலை, ஆர் ஆருடன் கோபத்தில் முகம் கொடுக்காமல் இருந்தது, பாதர் பிரசங்கத்தில் மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொன்னது, சின்னப் பெண்பிள்ளை ஒன்று கேக்கில் இருந்த பூவைக் களவாக எடுத்துத் தின்றது. ஒன்றும் விடவில்லை. நானும் மச்சாளும் சிரித்து ஓய்ந்துவிட்டோம்.

"எல்லாத்தையும் பாத்திருக்கிறியள்," என்றேன்.

"நீதான் பாக்கேல்லை. கதவு திறக்கேக்கை கண்ணை மூடிக்கொண்டு நிண்டனி. பிள்ளை வாசலுக்கு வந்ததை நீ காணேல்லை."

அவர் சொல்லும்வரைக்கும் அது எனக்கு உறைக்கவில்லை. என் ஒரே மகள் மணப்பெண்ணாகக் கோயில் வாசலில் வந்து நின்ற கணத்தை நான் பார்க்கவே இல்லை.

"எப்பிடி அண்ணை வந்தவள்?" என்று கேட்டேன்.

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெயில் முகத்திலை அடிச்சது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவள். முக்காட்டுத் துணி கதவிலை கொளுவிப்போச்சு, நிக்சன் குனிஞ்சு எடுத்துவிட்டவன். அவள் சிரிச்சவள். என்ரை முதல் சுரம் பிழைச்சுது பார், அப்ப என்னைப் பாத்துத் தலையை ஆட்டினவள், 'ஊதுங்கோ மாமா' எண்டிற மாதிரி. அதுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் ஊதத் தொடங்கினதும் அவள் கூட்டத்துக்குள்ளை அங்கையும் இங்கையும் பாத்தவள்."

"ஆரைப் பாத்தவள்?"

"உன்னைத்தானடி," என்றார் அண்ணை. "கண்டிட்டு, நீ கண்ணைத் திறக்குமட்டும் படியிறங்காமல் நிண்டவள்."